நவம்பரில் சுருங்கிப் படுத்துவிட்ட ஓபன்ஷியா ஃபிராஜிலிஸ்: வீட்டுக்குள் எடுப்பதா, வெளியிலேயே விடுவதா?

பனிவெளி (எட்மன்டன், ஆல்பர்ட்டா) | நவம்பர் 3

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாதம் இங்குள்ள நாற்றுப் பண்ணை ஒன்றில் ஆறு மடல்கள் கொண்ட ஒரு சிறு கள்ளியை வாங்கினேன். பெயர்ச்சீட்டில் ஓபன்ஷியா ஃபிராஜிலிஸ் என்று எழுதியிருந்தது. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஒரு மடல் என் கட்டைவிரலின் நுனியளவுதான் இருக்கிறது. சப்பையாகவும் இல்லை, உருளைக்கிழங்குக் குஞ்சு போல உருண்டையாக இருக்கிறது. வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டு மடல்கள் என் கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிட்டன. அவற்றைத் தனியாக ஒரு தொட்டியில் ஊன்றினேன், இரண்டுமே வேர் பிடித்தன. தாய்ச்செடியை வீட்டின் தெற்குச் சுவரையொட்டித் தரையில் நட்டேன்.

கோடை முழுவதும் செழிப்பாகத்தான் இருந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து மடல்கள் சுருங்கத் தொடங்கின. இப்போது பச்சை மங்கி ஊதா படர்ந்து, ஒவ்வொரு மடலும் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்கிறது. இரண்டு முறை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நிமிரவில்லை. அடுத்த வாரம் வெப்பநிலை −18க்கு இறங்கும் என்கிறார்கள். தொட்டியில் இருந்த இரண்டையும் நேற்றுச் சமையலறைச் சன்னலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தரையில் இருப்பதையும் தோண்டி எடுத்துவிடலாமா? செடி செத்துவிட்டது, இனி எதற்கு வீண் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கள்ளிப்பித்தன் (மெடிசின் ஹாட் அருகில்) | நவம்பர் 3

தோண்ட வேண்டாம். தண்ணீரும் ஊற்ற வேண்டாம். இந்த இரண்டை மட்டும் இன்றே கடைப்பிடியுங்கள், காரணத்தைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

நான் இங்கு வந்து பத்தொன்பது குளிர்காலங்கள் ஆகின்றன. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள புல்வெளிச் சரிவுகளில் இந்தக் கள்ளி யாரும் நடாமல் தானாகவே வளர்கிறது. கோடையில் வெயில் 35ஐத் தாண்டும், சனவரியில் −35 வரை இறங்கும். இரண்டையும் ஒரே இடத்தில் இருந்தபடி தாங்கிக்கொள்கிறது. வடக்கே போனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பீஸ் ஆற்றின் தெற்கு நோக்கிய சரிவுகளில், ஃபோர்ட் செயின்ட் ஜான் வட்டாரத்தில் ஏறத்தாழ 56 பாகை வட அட்சம் வரை இது உண்டு. மாஸ்கோ நகரத்தைவிட அது சற்று வடக்கே இருக்கிறது. உலகில் இயற்கையாக வளரும் கள்ளிகளில் இதைத் தாண்டி வடக்கே போனது எதுவும் கிடையாது. அந்த வம்சத்துச் செடிக்குத்தான் நீங்கள் −18ஐ எண்ணி அஞ்சுகிறீர்கள்.

மடல் சுருங்குவது நோயல்ல, குளிருக்கு அது செய்துகொள்ளும் ஆயத்தம். அறுவடை முடிந்த நெல்லைக் காயவைத்துத்தானே குதிரில் கொட்டுகிறோம்? ஈரத்தோடு கொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தச் செடியும் ஈரத்தைக் குறைத்துக்கொண்டு குளிருக்குள் போகிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீரை அது குடிக்க மறுத்ததே நல்ல அறிகுறிதான்.

வேர்முனை (தாவரவியல் ஆசிரியர், ஓய்வு) | நவம்பர் 4

நண்பர் கள்ளிப்பித்தன் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் நெல் உவமை பாதி தூரம்தான் வரும் என்பதால் உள்ளே நடப்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

தண்ணீர் உறைவதனால் மட்டும் செடி சாவதில்லை. உயிரணுவின் (செல்லின்) உள்ளே பனிக்கட்டி உருவானால்தான் சாவு. குளிர் தாங்கும் கள்ளிகளில் பனிக்கட்டி முதலில் அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் உருவாகிறது. அப்படி உருவான கட்டி அணுவுக்குள் இருக்கும் நீரைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கிறது. ஆகவே கடுங்குளிர் என்பது அணுவைப் பொறுத்தவரை ஒரு கடும் வறட்சியே. வறட்சியைத் தாங்கப் பிறந்த குடும்பம் குளிரையும் தாங்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இலையுதிர் காலத்தில் பகல் குறுகி, இரவுகள் பூச்சியத்தை நெருங்கும்போது இந்த மாற்றம் தொடங்குகிறது. வேர்கள் நீர் எடுப்பதைக் குறைக்கின்றன, தண்டிலிருந்து ஈரம் ஆவியாகிப் போகிறது, அணுக்களில் சர்க்கரைகள் கூடுகின்றன. சப்பாத்திக்கள்ளியின் மடலை நறுக்கினால் கையில் வழவழவென்று ஒட்டும் கோழைப்பொருள் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கும் இதில் பங்கு உண்டு. அணுக்களுக்கு வெளியே நீரைப் பிடித்து வைத்து, கட்டி எங்கே, எவ்வளவு மெதுவாக உருவாக வேண்டும் என்பதை அது நெறிப்படுத்துகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பார்க் நோபெல் என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும் இவற்றையெல்லாம் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். பழத்துக்காகப் பயிரிடப்படும் பெரிய ஓபன்ஷியா ஃபிகஸ்-இண்டிகா −10 அளவிலேயே பெரும் சேதம் அடைகிறது. கனடாவின் குளிர்ப் பகுதியைச் சேர்ந்த ஃபிராஜிலிஸ் மடல்களோ, முறையாகக் குளிருக்குப் பழகிய பிறகு, −40க்கும் கீழே பிழைக்கின்றன.

‘முறையாகப் பழகிய பிறகு’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சூலை மாதத்தில் கொழுத்திருக்கும் மடலை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் அதுவும் சாகும்.

ஈரநிலம் (ரொறன்ரோ) | நவம்பர் 4

எல்லோரும் இவ்வளவு உறுதியாகச் சொல்வதால் என் அனுபவத்தையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே செடியை இதே நம்பிக்கையில் வெளியில் விட்டேன். சனவரியில் நன்றாகத்தான் இருந்தது. மார்ச் மாதத்தில் தொட்டுப் பார்த்தபோது மடல்கள் பழுத்த வாழைப்பழம் போலக் கூழாகியிருந்தன. ரொறன்ரோவில் குளிர் உங்கள் ஊர்களை விட எவ்வளவோ குறைவு. அப்படியிருக்க, −40ஐத் தாங்கும் செடி −15இல் ஏன் செத்தது? ‘குளிர் ஒன்றும் செய்யாது, வெளியில் விடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வது எங்களைப் போன்றவர்களைத் தவறாக வழிநடத்தும்.

அந்தச் செடியை நல்ல கறுப்பு மண்ணில், மாட்டெரு கலந்து, பூச்சாடியில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் அம்மா எந்தக் கன்றையும் அப்படித்தான் வைப்பார்.

கள்ளிப்பித்தன் | நவம்பர் 4

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. உங்கள் செடியைக் கொன்றது −15 அல்ல, மாட்டெருவும் மார்ச் மாதத்துச் சேறும்தான். எங்கள் பக்கம் குளிர்காலம் வறண்டது. பனி விழும், காற்றில் பறந்து போகும், தரை கட்டையாக உறைந்து கிடக்கும். ரொறன்ரோவில் பனி உருகுகிறது, மழை பெய்கிறது, மறுபடி உறைகிறது, மறுபடி உருகுகிறது. எரு கலந்த மண் அந்த ஈரத்தை நாள் கணக்கில் பிடித்து வைக்கிறது. குளிர்ப் பழக்கத்தைக் கழற்றிவிட்டு விழிக்க ஆரம்பித்த செடி, காற்றுப் புகாத சேற்றில் நின்று வேரழுகிப் போனது.

நான் பொதுப்படையாகப் பேசியது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ‘நீர் தேங்காத இடத்தில் இருந்தால் வெளியில் விடுங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். பனிவெளி, உங்கள் சுவரோரத்து மண் எப்படிப்பட்டது?

பனிவெளி | நவம்பர் 5

வீடு கட்டியபோது கொட்டிய சரளை மண்தான், மேலே ஒரு சாண் மணல் நானே போட்டேன். கூரை நீர் அந்தப் பக்கம் விழுவதில்லை. தோண்டும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். ஆனால் சமையலறையில் இருக்கும் இரண்டையும் திருப்பி வெளியே வைக்க மனம் வரவில்லை. ஒரு சோதனையாக உள்ளேயே இருக்கட்டும்.

ஈரநிலம் | நவம்பர் 5

சேறுதான் காரணம் என்றால் ஓர் ஐயம். வான்கூவர் தீவுப் பக்கத்திலும் இந்தக் கள்ளி இருப்பதாகப் படித்தேன். அங்கே குளிர்காலம் முழுவதும் மழைதானே?

வேர்முனை | நவம்பர் 6

நல்ல கேள்வி. வான்கூவர் தீவின் தென்கிழக்குக் கரை, அதையொட்டிய வளைகுடாத் தீவுகள், அமெரிக்க எல்லைக்குள் இருக்கும் சான் வான் தீவுகள் ஆகியவற்றில் ஃபிராஜிலிஸ் உண்மையாகவே வளர்கிறது; அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில்கூட வளர்கிறது. அந்தப் பகுதி ஒலிம்பிக் மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை குறைந்துபோகிறதே, அதே கணக்கு. இருந்தாலும் அங்கே குளிர்காலத்தில் தூறல் உண்டுதான். செடி நிற்பது பாறைப் பிளவிலும் மெல்லிய மண் படிந்த கடற்கரை மேட்டிலும் என்பதால், பெய்த நீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. கோடையோ நன்றாகக் காய்கிறது. எனவே மழை விழுவது வேறு, நீர் நிற்பது வேறு.

உங்கள் ஒன்ராறியோவிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரிப் பகுதியில் ஃபிராஜிலிஸ் இருக்கிறது. அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், கிழக்கே கலடார் என்ற சிற்றூருக்கு அருகில், கருங்கல் பாறையின் மேல் ஒரு தனிக் கூட்டம் வளர்கிறது. இடைப்பட்ட நிலத்தில் தொடர்ச்சி இல்லை. அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைத் தாவரவியலாளர்கள் நெடுநாளாக விவாதித்து வருகிறார்கள். பழங்குடி மக்களின் பயணத்தோடு வந்ததா, விலங்கோடு வந்ததா, பழைய பரவலின் எச்சமா என்று ஆளுக்கொரு கருத்து. தென்கிழக்கு மனிடோபாவிலும் இப்படித்தான்: சுற்றிலும் அடர்ந்த ஊசியிலைக் காடு, நடுவே மொட்டைப் பாறைத் திட்டு, அதன் மேல் கள்ளி. மரநிழல் விழும் இடத்துக்கு அது வருவதே இல்லை. குளிரில் தோற்காத செடி நிழலிலும் சேற்றிலும் தோற்கிறது.

குறிஞ்சிவாசி (கொடைக்கானல்) | நவம்பர் 9

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கள் மலையிலும் திசம்பர், சனவரியில் உறைபனி விழும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும். இந்தக் கள்ளியை இங்கே வளர்க்க முடியுமா? கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் தை மாதம் வருகிறார், இரண்டு மடல் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கள்ளி என்றால் நம் நாட்டுச் செடிதானே, சங்கப் பாடல்களில் பாலை நிலத்துக்கே கள்ளியைத்தானே சொல்கிறார்கள், எளிதாகப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது.

வேர்முனை | நவம்பர் 9

மூன்று செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, பிரித்துவிடுகிறேன்.

சங்கப் பாடல்களின் கள்ளி வேறு, இது வேறு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் கிள்ளினால் பால் வடியும் யூஃபோர்பியா இனங்கள், ஆமணக்கின் உறவினர்கள். காக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே போய்வந்த பிறகுதான் சப்பாத்திக்கள்ளி நம் வேலிக்கு வந்தது. முள்ளைப் பார்த்து நம் மக்கள் பழைய பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு, மரத்தில் தொங்கி வளரும் முள்ளற்ற ரிப்சாலிஸ் பாக்ஸிஃபெரா. அது மனிதர் கொண்டுபோகாமலேயே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இருக்கிறது.

கொடைக்கானலில் வளருமா என்றால், உங்கள் உறைபனி அதற்கு ஒரு பொருட்டே இல்லை, உங்கள் மழைதான் எமன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் தொடும் ஊர் அது. மழை படாமல் வெயில் மட்டும் விழும் தாழ்வாரத்தின் கீழ் வைத்து உயிரோடு காப்பாற்றலாம். ஆனால் இரவில் மட்டும் உறைந்து பகலில் 17 பாகைக்கு ஏறும் குளிர்காலம் அதற்கு உறக்கம் ஆகாது.

மூன்றாவது, உறவினரின் பெட்டியில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் காக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுவதுமே 1975 முதல் இருக்கிறது. அதுபோக, உயிருள்ள எந்தச் செடியையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவரநலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். விதிக்காக மட்டும் சொல்லவில்லை. நாகதாளி என்று நாம் சொல்லும் ஓபன்ஷியா தில்லேனி தென்மாவட்டங்களின் மேய்ச்சல் நிலங்களை எப்படி விழுங்கியது என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை அடக்குவதற்கு 1926இல் இலங்கையிலிருந்து, கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு கோச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

குறிஞ்சிவாசி | நவம்பர் 10

தெளிவாயிற்று ஐயா. உறவினரிடம் வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்கிறேன். ஆனால் பெயர் விவகாரத்தை விட மனமில்லை. இந்தச் செடிக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டாமா? உடைகள்ளி என்று சொல்லலாமா?

கள்ளிப்பித்தன் | நவம்பர் 10

நான் பல ஆண்டுகளாக ‘ஒட்டுக்கள்ளி’ என்றுதான் சொல்லி வருகிறேன், அதற்குக் காரணம் உண்டு. 1811இல் மிசூரி ஆற்று வழியே பயணம் செய்த தாவரவியலாளர் தாமஸ் நட்டல் 1818இல் இதை காக்டஸ் ஃபிராஜிலிஸ் என்று விவரித்தார். அடுத்த ஆண்டே ஹாவர்த் என்ற இன்னொரு தாவரவியலாளர் இதை ஓபன்ஷியாவில் சேர்த்தார். ஃபிராஜிலிஸ் என்றால் எளிதில் உடைவது என்று பொருள், சரிதான். ஆனால் உடைவது மட்டுமாக இருந்தால் இந்தச் செடி இவ்வளவு தூரம் பரவியிருக்காது. உடைந்த துண்டு யார் மேலாவது ஒட்டிக்கொண்டு போக வேண்டும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. உள்ளே போவது எளிது, வெளியே வருவது அரிது. ஒரு காலத்தில் காட்டெருமையின் மயிரில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும், இன்று பசுவின் காலிலும் நாயின் பாதத்திலும் போகிறது. விழுந்த இடத்தில் முள்கண்களிலிருந்து வேர் விட்டுக்கொள்ளும். பூத்துக் காய்த்து விதை போடுவதை விட இந்த வழியைத்தான் அது பெரிதும் நம்பியிருக்கிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய லூயிஸும் கிளார்க்கும் போன பயணத்தில், இன்றைய மொன்டானாவில், 1805 சூலை மாதத்து இரவு ஒன்றில் கிளார்க் தீ வெளிச்சத்தில் தம் பாதத்திலிருந்து 17 முட்களைப் பிடுங்கியதாகக் குறித்து வைத்திருக்கிறார். காலணிகளுக்கு எருமைத் தோலால் இரட்டை அடி தைத்துப் போட்டும் பயனில்லை.

வேர்முனை | நவம்பர் 11

கிளார்க்கைக் குத்தியது பெரும்பாலும் இதன் உறவினரான ஓபன்ஷியா பாலியகாந்தாவாக இருக்கக்கூடும், அந்தச் சமவெளியில் அதுதான் மிகுதி. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால் பனிவெளி தம் செடியையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பாலியகாந்தாவின் மடல் உள்ளங்கை அகலத்துக்கு வரும், தட்டையாக இருக்கும், முள் நெருக்கத்தில் தோலே தெரியாது, இழுத்தால் எளிதில் கழலாது. ஃபிராஜிலிஸின் மடல் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர்தான், குறுக்கே வெட்டினால் ஏறத்தாழ வட்டமாக இருக்கும், தொட்டாலே கழன்றுவிடும். கொலம்பியா ஆற்றுப் பகுதியில் இரண்டும் கலந்து பிறந்த கலப்பினமும் உண்டு. அதை ஓபன்ஷியா கொலம்பியானா என்கிறார்கள். அங்கிருந்து வந்த செடியாக இருந்தால் எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

பெயரைப் பொறுத்தவரை ‘ஒட்டுக்கள்ளி’ என்றால் ஒட்டுக் கட்டிய செடி என்று பொருள் கொள்வார்கள். என் வாக்கு உடைகள்ளிக்கே.

பனிவெளி | சனவரி 14

நேற்றிரவு −37. சுவரோரத்துச் செடியின் மேல் ஒரு முழம் பனி கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

சமையலறையில் இருக்கும் இரண்டும் வளரத் தொடங்கிவிட்டன. முதலில் மகிழ்ந்தேன். இப்போது பார்த்தால் புதுத் தளிர் மடலாக இல்லை. வெளிறிய பச்சையில், பென்சில் மொத்தத்தில், விரல் நீளத்துக்குச் சன்னலை நோக்கிச் சாய்ந்து போகிறது. முள்ளும் பஞ்சு போல மெத்தென்று இருக்கிறது.

ஈரநிலம் | சனவரி 14

என் அக்காவின் வீட்டில் பரணுக்குக் கீழே மறந்துபோய் வைத்த உருளைக்கிழங்கு இப்படித்தான் முளை விட்டிருந்தது.

வேர்முனை | சனவரி 15

அதே நிகழ்வுதான். அடுக்களையின் 21 பாகைச் சூடு வளரச் சொல்கிறது, எட்மன்டனின் சனவரி வெளிச்சம் வளரப் போதவில்லை. இந்தக் குடும்பம் இரவில் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைச் சமைத்துக்கொள்ளும் வகை. இரவு குளிர்ந்தும் பகல் நன்றாக ஒளிர்ந்தும் இருந்தால்தான் அதன் கணக்குச் சரிவரும். உங்கள் சன்னலில் இரண்டுமே இல்லை. இனி வெளியே வைத்தால் உறுதியாகச் செத்துவிடும். வெப்பம் புகாத கார் கொட்டகை இருந்தால், 2 முதல் 5 பாகைக்குள் இருக்கும் இடமாகப் பார்த்து, வசந்தம் வரை தண்ணீரே காட்டாமல் வையுங்கள்.

பனியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு முழம் பனி ஒரு கம்பளிப் போர்வைக்குச் சமம். மேலே −37 என்றால் அடியில் அந்த அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை.

பனிவெளி | ஏப்ரல் 19

பனி உருகிவிட்டது. சுவரோரத்தில் பதினாறு மடல்கள் எண்ணினேன். எல்லாம் உலர்ந்த திராட்சை போல இருக்கின்றன. ஒரு நம்பிக்கையும் பிறக்கவில்லை. எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கள்ளிப்பித்தன் | ஏப்ரல் 19

இடுக்கியால் மெல்ல அழுத்துங்கள். சுருக்கம் விழுந்திருந்தாலும் தோல் போல் இறுக்கமாக எதிர்த்து நின்றால் உயிர் இருக்கிறது. அழுத்தியதும் நீர் கசிந்தாலோ, கஞ்சி போல வழுக்கினாலோ, உள்ளே பழுப்பாகத் தெரிந்தாலோ அதை எடுத்து எறிந்துவிடுங்கள். பக்கத்து மடலுக்கும் அழுகல் பரவும். வெறும் சுருக்கத்தைப் பார்த்து எதையும் எறிய வேண்டாம். நான் முதல் ஆண்டில் ஒரு தட்டு நிறைய நல்ல மடல்களைக் குப்பையில் போட்டவன், அந்தக் குப்பைமேட்டில் அது இன்றும் வளர்கிறது.

இரவு வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் நிலைக்கும் வரை நீங்களாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உருகும் பனி போதும்.

பனிவெளி | ஏப்ரல் 20

பதினாறில் இரண்டு வழுக்கின, எறிந்துவிட்டேன். பதினான்கு இறுக்கமாக இருக்கின்றன. எறிந்த இரண்டும் ஒரு சிறு பள்ளத்தில் இருந்தவை. அங்கே உருகிய நீர் தேங்கியிருந்தது. ஈரநிலம் அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

பனிவெளி | மே 28

மூன்று வாரத்தில் கண்ணெதிரே ஊதிவிட்டன. ஊதா நிறம் போய்ப் பச்சை திரும்பிவிட்டது, படுத்திருந்தவை தலை தூக்கிவிட்டன, ஒன்பது மடல்களில் புதுத் தளிர் தெரிகிறது. வீட்டில் செத்துவிட்டது என்று சொன்னவர்தான் இப்போது தினமும் காலையில் எண்ணிவிட்டு வந்து சொல்கிறார்.

கொட்டகையில் வைத்த இரண்டையும் இம்மாதத் தொடக்கத்தில் வெயிலில் வைத்தேன். ஒரே வாரத்தில் நீண்ட தளிர்கள் வெயில் சுட்டு வெள்ளையாகிவிட்டன. அவற்றை அடியோடு கிள்ளிவிட்டேன், பழைய மடல்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன.

இரண்டு கேள்விகள். மொட்டு ஒன்றும் காணவில்லை, பூக்குமா? இன்னொன்று, ஒரு மடலின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருக்கிறது.

வேர்முனை | மே 29

பஞ்சை ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குங்குமச் சிவப்பாகச் சாறு வந்தால் கோச்சினீல் பூச்சி. நாகதாளியை அடக்கப் போனதும் இதே பேரினத்தைச் சேர்ந்த பூச்சிதான். வட அமெரிக்கச் சமவெளிக்கு உரிய ஒன்று இங்கே காட்டுக் கள்ளிகளில் உண்டு. ஒரு மடலில் மட்டும் இருந்தால் பழைய பல் துலக்கியைச் சோப்புநீரில் தோய்த்துத் தேய்த்துவிடுங்கள், மருந்து அடிக்கத் தேவையில்லை.

பூவைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன். நன்றாக வெயில் படும் மேட்டு நிலங்களில் சூன் மாதத்தில் மஞ்சள் பட்டுத்துணி போலப் பூக்கும், சில செடிகளில் மகரந்தத் தாள்கள் சிவப்பாக இருக்கும், அழகுதான். ஆனால் பல கூட்டங்கள் ஆண்டுக்கணக்கில் பூப்பதே இல்லை. உடைந்து பரவியே காலம் தள்ளிவிடும் செடி அது. பூ அதற்கு ஒரு உபரி. தழைச்சத்துள்ள உரம் போட்டுப் பூக்கவைக்க முயலாதீர்கள், மடல்தான் பெருகும், அந்தப் பெருத்த மடலும் குளிரில் முதலில் போகும். அந்த இடத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது?

பனிவெளி | மே 29

ஐந்து மணி நேரம் இருக்கும். பிற்பகலில் பக்கத்து வீட்டு மரநிழல் விழுகிறது. சாறு சிவப்பாகத்தான் வந்தது, தேய்த்துவிட்டேன்.

கள்ளிப்பித்தன் | மே 30

ஐந்து போதாது. இடம் மாற்ற வேண்டாம், நான்கைந்து மடல்களை மட்டும் கழற்றி, காயம் ஆற இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, முழு வெயில் விழும் இடத்தில் மணலும் சரளையும் கலந்த மேடு ஒன்றில் படுக்கவையுங்கள். புதைக்க வேண்டாம், வைத்தாலே போதும். இப்போது வைத்தால் செப்டம்பருக்குள் வேர் ஊன்றிவிடும். பூவை நான் பார்க்க ஆறு ஆண்டு ஆயிற்று.

சகோதரி ஈரநிலம், நீங்களும் மறுபடி முயலுங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிச்சமெல்லாம் சரளையும் போதும், எருவே வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேலே சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு வைத்துவிடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். காட்டுச் செடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். கலடார்க் கூட்டம் போன்றவை சிறியவை, அமெரிக்காவிலும் மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் இது பாதுகாக்கப்பட்ட செடி. பண்ணையில் பெருக்கியதையே வாங்குங்கள்.

ஈரநிலம் | சூன் 2

ஒரு மடல் வாங்கிவிட்டேன். சரளை மேட்டில் வைத்திருக்கிறேன். எரு போடாமல் ஒரு செடியை வைப்பதற்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது.

பனிவெளி | சூன் 21

ஒரு சிறு செய்தி. பக்கத்து வீட்டு நாய் எங்கள் சுவரோரமாக ஓடிவிட்டு நொண்டிக்கொண்டே போயிற்று, அவர்கள் பாதத்திலிருந்து ஒரு மடலை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது அவர்களுடைய வண்டிப்பாதையின் சிமெண்டு வெடிப்பில் விழுந்து, இன்று பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறது. நான் போய்ப் பிடுங்கிவிட வேண்டுமா?

கள்ளிப்பித்தன் | சூன் 21

பிடுங்கத்தான் வேண்டும், நாய் உள்ள வீடு. வெறுங்கையால் தொடாதீர்கள், பெரிய முள்ளை விட அதன் அடியில் இருக்கும் சுணைதான் பொல்லாதது, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாரம் அரிக்கும். நீளமான இடுக்கி, ஒரு துண்டு பழைய கம்பளம், ஏற்கெனவே கையில் ஏறிவிட்டால் ஒட்டுநாடா. வேரோடு வராது, பாதி மடல் வெடிப்புக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த ஆண்டு மறுபடி போக வேண்டியிருக்கும்.